கையொப்பத்திலிருந்து தொடங்குங்கள்: பெயர் பறிபோன பெண் ஓவியர்களைத் தேடும் முறை

அருங்காட்சியகச் சுவரில் ஓவியத்தின் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் சிறிய அட்டையை நாம் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறோம். அதில் எழுதியிருக்கும் பெயர் ஓவியத்தோடு கூடவே பிறந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பெயர் பல கைகளைக் கடந்து வந்தது. ஓவியத்தை விற்ற வணிகர், வாங்கிய செல்வந்தர், இறந்தவரின் வீட்டுப் பொருள்களைப் பட்டியலிட்ட எழுத்தர், பிற்காலத்து ஆய்வாளர் என ஒவ்வொருவரும் அதைத் தொட்டிருக்கிறார்கள்; சிலர் மாற்றியும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஓவியத்தையே தொழிலாகக் கொண்டிருந்த பெண்களில் பலர் தங்கள் காலத்தில் நன்றாக அறியப்பட்டிருந்தவர்கள். ஊரார் புகழ்ந்தார்கள், பிரபுக்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். அவர்களுடைய பெயர்கள் பின்னர் கழன்று விழுந்தன. காலம் மறந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லி இதைக் கடந்து போவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஒவ்வொரு பெயரும் ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட காரணத்தால் கழன்றிருக்கிறது. அந்த இடம் எதுவென்று தெரிந்தால் அங்கே போய்த் தேட முடியும்.

அப்படித் தேட விரும்பும் தமிழ் வாசகருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதுபவர், கலைக் கல்லூரி மாணவர், வெளிநாட்டுப் பயணத்தில் அருங்காட்சியகத்துக்குள் நுழையப் போகிறவர், ஓவியம் பார்ப்பதில் ஆர்வம் மட்டும் உள்ளவர் என யாரும் இதைப் பின்பற்றலாம். விமானச் சீட்டு தேவையில்லை. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், வாஷிங்டனின் தேசிய ஓவியக்கூடம், ஹேக் நகரத்தின் மாரிட்ஸ்ஹாயிஸ் போன்றவை தங்கள் ஓவியங்களை மிகுந்த தெளிவுடன் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. வீட்டுக் கணினியும், ஒரு குறிப்பேடும், பொறுமையும் போதும்.

ஒரே ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

தொடங்குபவர்கள் செய்யும் முதல் பிழை, பெயர்களைச் சேகரிப்பது. ஐம்பது பெண் ஓவியர்களின் பட்டியலைத் தயாரித்துவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். பட்டியலில் உள்ள பெயர்களை யாரும் பார்ப்பதில்லை, ஓவியத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே ஓர் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து, அதனோடு சில வாரங்கள் இருங்கள். கட்டுரைகளைப் படிப்பதற்கு முன்பே படத்தைப் பெரிதாக்கி, மூலையிலிருந்து மூலைக்கு விரல் அகலம் விரல் அகலமாகப் பாருங்கள். என்ன தெரிகிறது என்பதை உங்கள் சொற்களில் எழுதி வையுங்கள்.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது, மாரிட்ஸ்ஹாயிஸில் உள்ள கிளாரா பேட்டர்ஸின் ஓவியம். ஏறத்தாழ 1615இல் வரையப்பட்டது. ஒரு மேசையின் மேல் பாலாடைக்கட்டிகளும் பாதாம் பருப்பும் பிரெட்சல் என்னும் முறுக்கு வடிவ ரொட்டிகளும் இருக்கின்றன. அகலம் அரை மீட்டரைத் தாண்டாத சிறிய பலகை. முதல் பார்வையில், திறமையாகத் தீட்டப்பட்ட உணவு மேசை என்பதற்கு மேல் எதுவும் தோன்றாது. கட்டிகளின் மேல் ஒரு தட்டில் வெண்ணெய்ச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றின் விளிம்பில் ஒளி படும் விதத்தைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினால் மேசையின் ஓரத்தில் ஒரு வெள்ளிக் கத்தி கிடக்கிறது. அதன் பிடியின் பக்கவாட்டை இன்னும் பெரிதாக்குங்கள். உலோகத்தில் பொறித்தது போல ‘கிளாரா பேட்டர்ஸ்’ என்ற பெயர் இருக்கிறது. பின்னால் நிற்கும் கூஜாவின் உலோக மூடிக்குச் செல்லுங்கள். அந்த வளைந்த பரப்பின் பளபளப்பில், ஒரு மிளகளவுக்கு, ஒரு பெண்ணின் முகம் பிரதிபலிக்கிறது. அது வரைந்தவரின் முகம். முதல் முறை அதைக் கண்டபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நானூறு ஆண்டுகளாக அவர் அங்கேயே நின்று கொண்டிருந்திருக்கிறார்.

பேட்டர்ஸின் வாழ்க்கை பற்றி உறுதியான ஆவணங்கள் மிகவும் குறைவு. பிறந்த தேதி, பயின்ற இடம் எல்லாம் விவாதத்துக்குரியவை. ஆனால் அவருடைய ஓவியங்கள் பலவற்றில் கிண்ணங்களின் குமிழ்களிலும் மூடிகளிலும் இப்படித் தன் உருவத்தை வைத்திருக்கிறார். தன் பெயருக்கு என்ன நேரும் என்பதை அவர் முன்பே அறிந்திருந்தாரா என்று நம்மால் சொல்ல முடியாது. என்றாலும், கையில் தூரிகையுடன் தான் அங்கே இருந்ததற்கான சாட்சியத்தை ஓவியத்துக்குள்ளேயே விட்டுச் சென்றிருக்கிறார். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் ஒரு பெண் ஓவியருக்கென்று தனிக்கண்காட்சி நடத்தியது முதன்முறையாக 2016இல்தான். அந்தக் கண்காட்சி இவருடையது.

கையொப்பத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கையொப்பம் என்றவுடன் கீழ்வலது மூலையில் தெளிவாக எழுதிய பெயரை எதிர்பார்க்க வேண்டாம். பழைய ஓவியர்கள் முதலெழுத்துகளைப் பின்னி ஒரு சின்னமாக்கினார்கள். தூணில், புத்தகத்தின் முதுகில், நாற்காலிச் சட்டத்தில், குவளையின் நிழலில் அதை ஒளித்து வைத்தார்கள். இதை ஜூடித் லெய்ஸ்டரின் கதையைப் போல வேறெதுவும் நமக்குக் கற்றுத்தராது. அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

லெய்ஸ்டர் 1609இல் டச்சு நகரமான ஹார்லெமில் பிறந்தார். அக்காலத்துப் பெண் ஓவியர்களில் பெரும்பாலோர் ஓவியரின் மகள்கள். இவருடைய தந்தையோ மதுவடிப்பாலை நடத்தியவர். அந்த ஆலையின் பெயரிலிருந்தே குடும்பம் தன் பெயரை எடுத்துக்கொண்டது. மாலுமிகளுக்கு வழிகாட்டும் விண்மீன் என்பது அதன் பொருள். ஊரின் பெருமைகளைப் பாடிய ஒரு நூலில் 1628இலேயே இவருடைய பெயர் இடம்பெற்றுவிட்டது. அப்போது வயது இருபதைக்கூட எட்டவில்லை. 1633இல் புனித லூக்காவின் பெயரிலான ஓவியர் கில்டில், அதாவது ஓவியர்களின் தொழிற்சங்கத்தில், உறுப்பினரானார். கில்டில் சேராமல் அந்நகரில் பட்டறை வைக்கவோ, மாணவர்களைச் சேர்க்கவோ, ஓவியம் விற்கவோ முடியாது என்பதால் இந்த உறுப்பினர் தகுதி தொழிலுக்கான உரிமமாகவே இருந்தது. அவரிடம் மாணவர்கள் இருந்தார்கள். 1635இல் ஒரு மாணவன் அவரை விட்டுவிட்டு, ஊரின் புகழ்பெற்ற ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸிடம் போய்ச் சேர்ந்தபோது, லெய்ஸ்டர் கில்டிடம் முறையிட்டுப் பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பெற்றார். மாணவனை முறைப்படி பதிவு செய்யாததற்காக அவருக்கும் அபராதம் விழுந்தது. இந்த வழக்கை ஆர்வத்துடன் குறிப்பிடுகிறேன். ஏனென்றால் ஒரு பெண் ஓவியர் தன் தொழிலின் கணக்கு வழக்குகளில் எவ்வளவு உறுதியாக நின்றார் என்பதை, புகழுரை எதையும்விட இந்தச் சிறிய சச்சரவு தெளிவாகக் காட்டுகிறது.

அவருடைய சின்னம் ஜே, எல் என்னும் இரண்டு எழுத்துகளின் பிணைப்பு. அதிலிருந்து ஒரு விண்மீன் பாய்ந்து செல்கிறது. குடும்பப் பெயரின் பொருளைப் படமாக்கிய கையொப்பம் அது. 1660இல் அவர் இறந்த பிறகு இந்தச் சின்னத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனார்கள். ஓவியங்களின் நடையோ ஹால்ஸின் நடைக்கு அருகில் இருந்தது. ஹால்ஸின் பெயருக்குச் சந்தையில் நல்ல விலையும் இருந்தது. ஆகவே இவருடைய ஓவியங்கள் ஹால்ஸின் ஓவியங்களாக விற்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தில் ஹால்ஸ் வரைந்ததாக விற்கப்பட்ட ஓர் ஓவியம் வழக்கு மன்றம் வரை போயிற்று. ஓர் ஆணும் பெண்ணும் இசையும் மதுவுமாக மகிழ்ந்திருக்கும் காட்சி அது. இப்போது லூவ்ரில் இருக்கிறது. ஹால்ஸின் பெயரில் இட்டிருந்த பொய்க் கையொப்பத்தின் அடியில் விண்மீன் சின்னம் இருந்தது. டச்சு ஆய்வாளர் ஹோஃப்ஸ்டேட டெ க்ரோட் 1893இல் அந்தச் சின்னத்துக்குரியவர் யார் என்பதை நிறுவி, ஏழு ஓவியங்களை லெய்ஸ்டருக்கு மீட்டுக் கொடுத்தார். வழக்கில் தகராறு செய்தவர்கள் ஒரு புதிய ஓவியர் கிடைத்ததைக் கொண்டாடவில்லை. விலையைக் குறைத்துக்கொள்வது பற்றியே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். முந்தைய நாள் வரை பெரும் படைப்பாக இருந்த அதே பலகை, அதே வண்ணங்கள், பெயர் மாறியதும் மலிவாகிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே செய்ய வேண்டியது இது. நீங்கள் தேடும் ஓவியரின் உறுதிசெய்யப்பட்ட ஓவியங்கள் இரண்டு மூன்றிலிருந்து கையொப்பத்தைப் பெரிதாக்கிக் குறிப்பேட்டில் கையால் வரைந்து கொள்ளுங்கள். கையால் வரைவது முக்கியம். கண் தவறவிடும் வளைவைக் கை பிடித்துவிடும். அருங்காட்சியகத்தின் பக்கத்தில் கையொப்பம் எங்கே உள்ளது, எப்படி எழுதப்பட்டுள்ளது என்று தனி வரி இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிளாரன்ஸ் நகரக் கன்னிமடத்துத் துறவி பிளௌட்டில்லா நெல்லி, ஏறத்தாழ ஏழு மீட்டர் அகலமுள்ள தம்முடைய ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தில் தன் பெயரோடு, ஓவியருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று லத்தீனில் எழுதினார். அங்கே ஓவியர் என்ற சொல்லைப் பெண்பாலில் இட்டிருக்கிறார். நீண்ட காலம் மடத்துக்குள் மறைந்திருந்த அந்த ஓவியம் பழுது நீக்கப்பட்டு, 2019இல்தான் அந்நகரின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலய அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

பெயர் மாறிய இடங்களைத் தேடுங்கள்

லெய்ஸ்டர் 1636இல் ஓவியர் யான் மீன்ஸ மோலனாரை மணந்தார். அதற்குப் பிறகு அவர் கையொப்பமிட்டுத் தேதி இட்ட ஓவியங்கள் மிகச் சிலவே கிடைக்கின்றன. கணவர் 1668இல் இறந்தபோது வீட்டில் இருந்த பொருள்களைப் பட்டியலிட்டவர்கள், சில ஓவியங்களை மோலனாரின் மனைவி வரைந்தவை என்று எழுதினார்கள். அந்த ஒரு வரியில் ஒரு பெயர் காணாமல் போயிற்று. ஆனால் அதே வரியை இன்று நாம் பின்னோக்கிப் படித்தால், திருமணத்துக்குப் பின்னும் அவருடைய ஓவியங்கள் அந்த வீட்டில் இருந்தன என்பதற்கு அதுவே ஆவணமாகிறது.

எனவே ஒரு பெண் ஓவியரைத் தேடும்போது அவருடைய பெயரில் மட்டும் தேடாதீர்கள். தந்தையின் பெயர், கணவரின் பெயர், சகோதரரின் பெயர், மடத்தில் ஏற்ற பெயர், பெயரின் பழைய எழுத்து வடிவங்கள் ஆகிய அனைத்திலும் தேடுங்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள், இன்னாரின் கைம்பெண் என்ற சொற்களோடு தேடுங்கள். நம் ஊரில் இது புதிய செய்தி அல்ல. நம்மிடையே பெண்ணின் பெயருக்கு முன் நிற்கும் தந்தையின் தலைப்பெழுத்து, பல குடும்பங்களில் திருமணத்தோடு கணவரின் தலைப்பெழுத்தாக மாறிவிடுகிறது. சென்னையின் ஓவியக் கண்காட்சிகளின் பழைய கையேடுகளைப் புரட்டுபவர், ஒரே ஓவியரை இரண்டு தலைப்பெழுத்துகளில் இரண்டு ஆளாக எண்ணிவிடக்கூடும். பொன்னானியிலிருந்து வந்து சென்னைக் கலைக் கல்லூரியில் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் காலத்தில் பயின்ற டி. கே. பத்மினி, 1969இல் தம் 29ஆம் வயதில் மகப்பேற்றின்போது இறந்தார். சென்னையில் உருவான நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர் எத்தனை முறை விட்டுப்போகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

தலைப்பெழுத்து சில நேரம் கதவைத் திறந்தும் இருக்கிறது. லண்டன் ராயல் அகாதெமியின் பள்ளியில் 1860ஆம் ஆண்டு வரை பெண் மாணவர் எவரும் இல்லை. அவ்வாண்டு லாரா ஹெர்ஃபோர்ட் தம் ஓவியங்களில் முதலெழுத்தை மட்டும் இட்டு அனுப்பினார். ஆண் என்று நினைத்து அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

பொருள் பட்டியல்கள் பெயரை அழிப்பதோடு நிற்பதில்லை, காப்பாற்றவும் செய்கின்றன. பிரஸ்ஸல்ஸில் வாழ்ந்த மைக்கேலினா வோட்டியேயின் ‘பாக்கஸின் வெற்றி ஊர்வலம்’ வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றரை மீட்டர் அகலமுள்ள அந்தத் திரையில் ஆளுயர ஆண் உடல்கள் ஏறத்தாழ ஆடையின்றி நிறைந்திருப்பதால், ஒரு பெண் இதை வரைந்திருக்க முடியாது என்ற எண்ணத்தில் வேறு பெயர்கள் சொல்லப்பட்டன. இளவரசர் லெயோபோல்ட் வில்ஹெல்மின் 1659ஆம் ஆண்டுத் தொகுப்புப் பட்டியலோ, வோட்டியேயின் பெயரில் நான்கு ஓவியங்களைத் தெளிவாகக் குறித்திருந்தது. ஊர்வலத்தின் வலது ஓரத்தில் ஒரு பெண் மட்டும் கூட்டத்தைப் பார்க்காமல் நேராக நம்மைப் பார்க்கிறாள். அது ஓவியர் தம்மையே வரைந்த உருவம் என்று கொள்ளப்படுகிறது. அவருக்கென்று முழுமையான கண்காட்சி 2018இல்தான் ஆண்ட்வெர்ப்பில் நடந்தது.

அட்டையின் மொழியைப் புரிந்துகொள்ளுங்கள்

அருங்காட்சியகங்களும் ஏலக் கூடங்களும் சில சொற்களை மிகவும் கணக்காகப் பயன்படுத்துகின்றன. ஒருவருடையதாகக் கருதப்படுவது என்றால், சான்று போதவில்லை என்றாலும் பலர் ஒப்புக்கொள்கிறார்கள் என்று பொருள். பட்டறை என்றால், அவருடைய மேற்பார்வையில் மாணவரோ உதவியாளரோ வரைந்தது. வட்டம் என்றால், அவரை அறிந்த, அவர் காலத்தைச் சேர்ந்த எவரோ ஒருவர். பின்பற்றியவர் என்றால் காலத்தால் பிந்தியவராகவும் இருக்கலாம். பாணி என்றால் இன்னும் தொலைவு. பார்த்து வரைந்தது என்றால் நகல். வட்டம், பட்டறை என்னும் சொற்களைக் காணும்போதெல்லாம் சற்று நில்லுங்கள். பட்டறையில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். மகளோ சகோதரியோ மனைவியோ அங்கே வேலை செய்திருந்தால், பெயரில்லாத அந்தச் சொல்லுக்குள் அவர் இருக்கக்கூடும். இருக்கக்கூடும் என்பதற்கு மேல் சான்றில்லாமல் போகக் கூடாது.

அதே பக்கத்தில் ஓவியம் கைமாறிய வரலாறும் இருக்கும். யாரிடமிருந்து யாரிடம், எந்த ஆண்டில், என்ன பெயரில் போயிற்று என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பெயர் மாறும் ஆண்டைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். பெரும்பாலும் அது ஒரு விற்பனை நடந்த ஆண்டாக இருக்கும். ஓவியம் தற்போது காட்சியில் உள்ளதா, கிடங்கில் உள்ளதா என்பதும் அங்கே இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுகளை அருகருகே வைத்துச் சோதியுங்கள்

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வலுவான பல முடிவுகள் இரண்டு தேதிகளை அருகருகே வைத்ததால் கிடைத்தவை.

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. வெள்ளை உடை அணிந்த ஓர் இளம்பெண் சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்து, மடியில் பலகை வைத்து வரைந்துகொண்டிருக்கிறாள். பின்னாலிருந்து வரும் ஒளி அவள் கூந்தலின் ஓரத்தைத் தொடுகிறது. சன்னல் கண்ணாடியில் ஒரு கீறல். அதற்கு அப்பால் ஓர் இணை நின்றுகொண்டிருக்கிறது. ஷார்லோட் து வால் தோஞ் என்னும் அந்தப் பெண்ணின் உருவப்படம், 1917இல் கொடையாக வந்தபோது புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் ஜாக் லூயி டேவிட்டின் ஓவியம் என்றே வந்தது. பலர் அதை அவருடைய தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாகப் போற்றினார்கள். ஆனால் 1801ஆம் ஆண்டுப் பாரிஸ் சலோன் கண்காட்சியைக் காட்டும் ஓர் அச்சுப்படத்தில், சுவரில் இந்த ஓவியம் தொங்குகிறது. டேவிட்டோ அவ்வாண்டுச் சலோனில் பங்கேற்கவே இல்லை. கலை வரலாற்றாளர் சார்ல்ஸ் ஸ்டெர்லிங் 1951இல் இதைச் சுட்டிக்காட்டி, கோன்ஸ்தான்ஸ் ஷார்பான்தியே என்ற பெண் ஓவியர் வரைந்திருக்கலாம் என்றார். 1996இல் மார்கரெட் ஓப்பன்ஹைமரின் ஆய்வு, அதை மாரி டெனீஸ் வில்லேருக்கு உரியதாக்கியது. இன்று அட்டையில் உள்ள பெயர் அவருடையது.

இந்தக் கதையில் இரண்டு பாடங்கள் உள்ளன. டேவிட்டின் பெயர் நீங்கியதும், அதுவரை குறையே காணாதவர்கள் உடற்கூற்றில் பலவீனம் இருக்கிறது என்றும் பெண்மையின் சாயல் தெரிகிறது என்றும் எழுதத் தொடங்கினார்கள். ஆகவே ஓர் ஓவியத்தைப் பற்றிய பழைய விமர்சனத்தைப் படிக்கும்போது, அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது, அப்போது அட்டையில் எந்தப் பெயர் இருந்தது என்பதை முதலில் பாருங்கள். மற்றொன்று நமக்கான எச்சரிக்கை: ஆணின் பெயரை நீக்கிவிட்டு அவசரமாக இட்ட பெண்ணின் பெயரும் தவறாக இருந்தது. ஷார்பான்தியேயின் பெயர் பல ஆண்டுகள் அந்த ஓவியத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நம் விருப்பம் சான்று ஆகாது.

இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கி விஷயத்திலும் தேதிகள் இதே பணியைச் செய்கின்றன. 1611இல் ஓவியர் அகோஸ்தீனோ டாஸ்ஸி அவரை வன்புணர்ந்ததும், 1612இல் ரோமில் நடந்த விசாரணையும் பரவலாகத் தெரிந்தவை. அதனால் அவருடைய ஓவியங்கள் எல்லாவற்றையும் அந்தக் கொடுமையின் எதிரொலியாகவே படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஜெர்மனியின் பொம்மர்ஸ்ஃபெல்டனில் உள்ள ‘சூசன்னாவும் முதியவர்களும்’ ஓவியத்தில், இரண்டு கிழவர்களின் கிசுகிசுப்புக்குக் கீழே உடலைத் திருகி விலக்கும் பெண்ணைப் பார்ப்பவர்கள் அதையும் அப்படியே விளக்குகிறார்கள். ஓவியத்தில் இருக்கும் ஆண்டு 1610. ஆண்களின் பார்வைக்கு முன் ஒரு பெண்ணுடல் எப்படிச் சுருங்கும் என்பதை அவர் பதினேழு வயதிலேயே கண்டு தீட்டியிருக்கிறார். ஒரு பெண்ணின் கலையைத் துன்பத்தின் விளைவாக மட்டும் குறுக்குவதும் அவருடைய திறமையைப் பறிப்பதுதான். 1616இல் ஃபிளாரன்ஸின் ஓவியக் கழகத்தில் உறுப்பினரான முதல் பெண் அவர் என்பதையும், பல நகரங்களில் பட்டறை நடத்தி விலை பேசி வாழ்ந்தவர் என்பதையும் அதே அளவு இடம் கொடுத்து எழுதுங்கள்.

கையொப்பமே இல்லாதபோது

சோஃபோனிஸ்பா ஆங்குயிசோலா இத்தாலியின் கிரெமோனாவைச் சேர்ந்த உயர்குடிப் பெண். ஸ்பெயின் அரசியின் தோழியாக அரண்மனைக்கு அழைக்கப்பட்டபின், அவர் அங்கே வரைந்த படங்களில் கையொப்பமிடவில்லை. தோழி என்ற மதிப்பான பதவியில் இருப்பவர் ஓவியர்போலக் கூலி பெறுவது வழக்கமில்லை. பட்டும் நகையும் ஓய்வூதியமும் கொடுக்கப்பட்டன. ஆகவே ஊதியக் கணக்கில் ஓவியங்கள் பதிவாகவில்லை. பிராடோவில் உள்ள இரண்டாம் ஃபிலிப்பின் உருவப்படம் நீண்ட காலம் அரசவை ஓவியர் சாஞ்செஸ் கோயெல்லோவின் பெயரில் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட நிலையில் கடிதங்களையும் பரிசுப் பட்டியல்களையும் தேட வேண்டும். 1624இல் பலெர்மோவுக்குச் சென்ற இளம் ஓவியர் வான் டைக், முதுமையில் பார்வை மங்கியிருந்த அவரைச் சந்தித்துத் தம் குறிப்பேட்டில் அவருடைய உருவத்தை வரைந்து, உரையாடலையும் எழுதி வைத்தார்.

எக்ஸ்ரே, அகச்சிவப்புப் படங்கள் இருந்தால் கட்டாயம் பாருங்கள். பல அருங்காட்சியகங்கள் அவற்றையும் வெளியிடுகின்றன. வாஷிங்டனில் உள்ள லெய்ஸ்டரின் தன்னுருவப் படத்தில், அவர் நாற்காலியில் சாய்ந்து, கை நிறையத் தூரிகைகளோடு, பேச வாயெடுத்தது போல நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறார். எதிரே நிற்கும் திரையில் சிரிக்கும் பிடில்காரன். அகச்சிவப்பில் பார்த்தால் அந்தப் பிடில்காரனுக்கு அடியில் ஒரு பெண்ணின் முகம் இருக்கிறது. அவர் முதலில் வரைந்தது அதைத்தான். உருவப்படமும் குதூகலக் காட்சியும் தம்மால் முடியும் என்று வாடிக்கையாளருக்குக் காட்டவே பின்னர் மாற்றியிருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

எதை வரைய விடவில்லை என்பதையும் கேளுங்கள்

பெண்கள் ஏன் மலர்களையும் உணவு மேசைகளையும் உருவப்படங்களையும் அதிகம் வரைந்தார்கள் என்ற கேள்விக்கு, இயல்பான நாட்டம் என்று விடை சொல்லப்பட்டு வந்தது. உண்மை விடை வகுப்பறையில் இருக்கிறது. பெரிய வரலாற்றுக் காட்சிகளுக்கு மனித உடலை உயிர் மாதிரியை வைத்துப் பயில வேண்டும். அந்த வகுப்பு பெண்களுக்கு மூடப்பட்டிருந்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி, பிளௌட்டில்லா நெல்லிக்கு ஆண்களைப்போல உயிர் மாதிரிகளைப் பார்த்துப் பயிலும் வாய்ப்பு இருந்திருந்தால் வியத்தகு படைப்புகளைத் தந்திருப்பார் என்று எழுதியிருக்கிறார். லண்டன் ராயல் அகாதெமி 1768இல் தொடங்கப்பட்டபோது அதை நிறுவிய உறுப்பினர்களில் ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்கள் இருந்தார்கள். அந்த உறுப்பினர்கள் மாதிரி வகுப்பில் கூடியிருப்பதை ஸோஃபனி 1772 அளவில் வரைந்தபோது, ஆண்கள் அறையில் மாதிரியைச் சூழ்ந்திருக்கிறார்கள். ஆடையற்ற மாதிரியின் முன் பெண்கள் நிற்கலாகாது என்பதால் காஃப்மனும் மோசரும் சுவரில் மாட்டிய இரண்டு படங்களாக மட்டும் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பின் ஒரு பெண் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1936இல், லாரா நைட். நீங்கள் ஆராயும் ஓவியரின் காலத்தில் எந்தப் பள்ளி திறந்திருந்தது, எந்தக் கதவு மூடியிருந்தது என்பதை ஒரு பக்கமாவது எழுதாமல் அவருடைய ஓவியப் பொருள்களைப் பற்றி எழுதாதீர்கள்.

தமிழில் எழுதும்போது

முதல் வரியை ஓவியத்தைப் பற்றியோ ஓவியரின் தொழிலைப் பற்றியோ அமையுங்கள். கணவரும் தந்தையும் அடுத்த பத்தியில் வரட்டும். ஆண்களைக் குடும்பப் பெயரிலும் பெண்களை முதற்பெயரிலும் அழைக்க வேண்டாம். அவரை ஹால்ஸ் என்று எழுதினால், இவரை ஜூடித் என்றல்ல, லெய்ஸ்டர் என்றே எழுதுங்கள். தந்தையும் மகளும் இருவருமே ஓவியராக இருக்கும் ஜென்டிலெஸ்கி போன்ற இடங்களில் குழப்பம் தவிர்க்க முதற்பெயரை எழுதலாம். அப்போது தந்தையையும் ஓராஸியோ என்றே எழுதுங்கள்.

அயல்நாட்டுப் பெயர்களைத் தமிழில் எழுத ஒரு வடிவத்தைத் தேர்ந்து கட்டுரை முழுவதும் அதையே கையாளுங்கள். லெய்ஸ்டர், லேஸ்டர், லைஸ்டர் என்று மூவிதமாக எழுதினால், பெயர் தொலைந்ததை ஆராய்ந்த நாமே அதை மறுபடியும் தொலைத்தவர்களாவோம். வேறு வடிவங்களை ஒருமுறை குறிப்பிடுவது தேடி வருபவருக்கு உதவும். திருமணப் பெயர் இருந்தால் அதையும் சேருங்கள். உறுதியான செய்தி எது, ஆய்வாளரின் கருத்து எது, உங்கள் ஊகம் எது என்பதை வினைமுற்றிலேயே காட்டத் தமிழில் வசதி இருக்கிறது: வரைந்தார், வரைந்ததாகக் கருதுகிறார்கள், வரைந்திருக்கலாம். இந்த மூன்றையும் கலக்காமல் எழுதினாலே கட்டுரையின் நம்பகத்தன்மை பாதி கிடைத்துவிடும்.

ஓவியத்தின் அருங்காட்சியகப் பதிவெண், அளவு, ஆண்டு, அன்றைய அட்டையில் இருந்த சொற்கள், நீங்கள் பார்த்த தேதி ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, ஓராண்டு கழித்து அதே பக்கத்தை மறுபடி திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் பெயர் மாறியிருக்கக்கூடும்.